காய்ச்சலுக்குக் காரணம் மாரி

டகடகடகடக.

உப்போடைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். சத்தம் மாரித்துரையின் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

"உப்பளத்து மோட்டார்," என்றார் வெள்ளப்பாண்டி. ஊரில் எதற்கும் முதல் தீர்ப்பு அவருடையது.

"மோட்டாரை வீட்டுக்குள்ள எவன் வே வைப்பான்? தையல் மிஷின்," என்றார் சடாச்சரம். இரண்டாவது தீர்ப்பு எப்போதும் அவருடையது.

எதற்கும் இருக்கட்டும் என்று டீசலும் நூல்கண்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் போர்வையை விலக்கினார்கள். மாரித்துரையின் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. குளிர்காய்ச்சல்.

"கொஞ்சம் நிறுத்தேம் வே, ஊரே பயந்துட்டு."

"முடியல அண்ணாச்சி," என்றான் மாரித்துரை, மோட்டாரைத் திருடி மாட்டிக்கொண்டவன் போல. ஊரில் எது கெட்டுப்போனாலும் தன்னால்தான் இருக்கும் என்று அவனுக்கு ஒரு எண்ணம். விட்டு விட்டு வந்த காய்ச்சல் ஆளைப் பாதியாக உருக்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் மீதியும் போய்விடும்.

நல்லவேளையாக அன்று மலேரியா ஆராய்ச்சிக்கென்று திலகவதி வந்து சேர்ந்தாள். மடிக்கணினியும் மருந்துப் பெட்டியும் வைத்திருந்தாள். "நாளைக்குக் காலையில எல்லாரும் ரத்த மாதிரி கொடுக்கணும். மலேரியான்னு தெரிஞ்சா உடனே மாத்திரை தருவேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஊர் கூடியது.

"நல்ல பொண்ணு. ரத்தம் கேக்கல, கவனிச்சீரா? ரத்த மாதிரி இருந்தாப் போதுமாம்."

"எந்த அளவுக்கு ரத்த மாதிரி?"

"பாத்தா ஏமாறுற அளவுக்கு."

விடிந்ததும் திலகவதியின் முன்னால் டம்ளர்கள் வரிசை கட்டின. வெள்ளப்பாண்டி பீட்ரூட் சாறு கொண்டுவந்திருந்தார். சடாச்சரம் வெற்றிலை எச்சில். "இதுதான் அசல். என் உடம்புலேர்ந்தே வந்தது," என்றார். மாரித்துரை ஆரத்தித் தண்ணீர் கரைத்திருந்தான். சுண்ணாம்பு கூடிவிட்டது, காய்ச்சல் தீராமல் போனால் அந்தச் சுண்ணாம்பால்தான் என்று அவனுக்குக் கவலை.

திலகவதி தலையில் அடித்துக்கொண்டாள். "ரத்தமேதான் வேணும்!"

"முதல்லயே சொல்லியிருக்கலாம். கடைசியில மாதிரின்னு சேர்த்ததாலதான் குழப்பம்."

ஊசியால் ஒவ்வொரு விரலாகக் குத்தினாள். கடைசியில் நின்ற மாரித்துரையின் முறை வருமுன் வெள்ளப்பாண்டி கணினியை எட்டிப் பார்த்தார். "இது என்ன சொல்லும் தாயி?"

"காய்ச்சலுக்கு எந்த மாறி காரணம்னு சொல்லும்," என்றாள், தலையைத் தூக்காமல்.

"ஊர்ல இருக்கிறதே ஒரு மாரி."

எல்லாக் கண்களும் மாரித்துரை மேல் திரும்பின. அவனுக்கு ஆச்சரியமே இல்லை. சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று, அவ்வளவுதான்.

"கண்டுபிடிச்சு என்ன செய்வீங்க?"

"ஒவ்வொரு மாறியா வெளிய எடுத்துட்டு, காய்ச்சல் கணக்கு குறையுதான்னு பார்ப்போம்."

மாரித்துரையைக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே கருவேலமரத்தடியில் வைத்தார்கள். திரும்பி வந்து வீடு வீடாக நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை! மறுபடி உள்ளே தூக்கிவந்தார்கள். காய்ச்சல் இருந்தது. திரும்ப வெளியே கொண்டுபோனார்கள், இல்லை.

"கணக்கு தப்பாது வே," என்றார் சடாச்சரம், மூச்சு வாங்கிக்கொண்டே.

"தப்பவே இல்ல அண்ணாச்சி. என்னை இங்கேயே விட்டுருங்க," என்றான் மாரித்துரை, பல் தந்தியடிக்க.

அதற்குள் திலகவதி ஓடிவந்தாள். "காய்ச்சல்காரரை ஏன் இங்க போட்டீங்க?"

"நீங்கதானே மாரியை வெளிய எடுக்கச் சொன்னீங்க?"

அவள் அவன் விரலைக் குத்திப் பார்த்தாள். மலேரியாதான். மாத்திரையை விழுங்கவைத்துவிட்டு விளக்கினாள். "ஆளுக்கு ஆள் மாறுற விஷயத்துக்கு மாறின்னு பேரு. வயசு, கொசுவலை, தண்ணித்தொட்டி, இந்த மாதிரி. அது பெரிய 'றி'. நீங்க சின்ன 'ரி'."

"அப்போ நான் காரணம் இல்லையா?"

"இல்லவே இல்ல."

மாரித்துரைக்கு உள்ளுக்குள் சப்பென்றாகிவிட்டது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை முக்கியமான ஆளாக இருந்தான், அதிலும் எழுத்துப்பிழை.

மாத்திரை வேலை செய்தது. பல்லும் ஓய்ந்தது. அவன் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு திலகவதி முடிவோடு வந்தாள். "திறந்த தொட்டிக்குப் பக்கத்துல இருக்கிறவங்களுக்குத்தான் காய்ச்சல் வர வாய்ப்பு அதிகம். மாரித்துரை வீட்டு முன்னால இருக்கே, அது முழுக்கக் கொசுப்புழு. ஊருக்குள்ள திறந்த தொட்டியே இருக்கக் கூடாது."

அவள் போனதும் எல்லாரும் சேர்ந்து தொட்டியைத் தூக்கிப் பார்த்தார்கள். சிமெண்டுத் தொட்டி, அசையவில்லை. வெள்ளப்பாண்டி வெகுநேரம் யோசித்தார். பிறகு, 'உப்போடை' என்று எழுதிய மஞ்சள் பலகையைச் சாலையோரத்திலிருந்து பிடுங்கி, தொட்டிக்கு இந்தப் பக்கம் நட்டார்கள். குழி தோண்டியது மாரித்துரைதான்.

"இப்போ தொட்டி ஊருக்குள்ள இல்ல."

"கொசு பலகையைத் தாண்டி வராதா?"

"ஊர்ப் பேர் தெளிவா எழுதியிருக்குல்லா வே?"

மாரித்துரை தன் வீட்டைப் பார்த்தான். அதுவும் பலகைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. "அப்போ நான் இனி எந்த ஊரு அண்ணாச்சி?"

"வெளியூர் வே. வந்தா காப்பி தருவோம்."

நியாயமாகத்தான் பட்டது. போயிட்டு வாரேன் என்று எல்லாரிடமும் முறையாகச் சொல்லிக்கொண்டு, பலகையைத் தாண்டி வெளியூருக்குப் போய், உப்பளத்துப் பாத்தியில் இறங்கி எப்போதும்போல உப்பு வாரத் தொடங்கினான்.