ராஜா தானாக நினைத்த கூழ்

வெகு காலத்துக்கு முன்னே கடம்பவயல் நாட்டைக் கோதண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் தன் மண்டையில் உதிப்பதெல்லாம் தானே யோசித்தது என்று அவருக்கு ஒரு பெருமை. யார் பேச்சையும் கேட்கமாட்டாராம், தனக்குத் தோன்றியதைத்தான் செய்வாராம்.

தினமும் காலையில் எண்ணெய் தேய்த்து ஒரு நாழிகை ஊறுவது அவர் வழக்கம். அந்த நேரத்தில் பஞ்சாங்கம் படித்துச் சொல்லும் வேலை பூதநாதருக்கு. மந்திரி சேந்தனாரின் பதவி மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். அதற்காக நேராகக் கோள் சொல்ல அவர் என்ன மடையரா? திதி, நட்சத்திரம் எல்லாம் சொல்லிவிட்டு, "நேற்று மந்திரி எல்லைப்பக்கம் போனாராமே, காற்று வாங்கத்தான் இருக்கும்" என்பார். இன்னொரு நாள், மந்திரி வீட்டுக்குப் புதுக் குதிரை வந்திருப்பதாகவும் எட்டு ஊர் தூரத்தை ஒரே மூச்சில் ஓடுமாம் என்றும் சொல்லி நிறுத்திக்கொள்வார்.

இரண்டு மாதம் இப்படியே போயிற்று. மந்திரி சிரித்தாலும் ராஜாவுக்குச் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம். தும்மினால்கூட யாருக்கோ சைகை காட்டுகிறார் என்று பட்டது. ஒருநாள் சபையிலேயே, மந்திரி எதிரியோடு சேர்ந்து சதி செய்வதாகச் சொல்லி, அவரைக் குடும்பத்தோடு நாடு கடத்தப்போவதாக அறிவித்துவிட்டார்.

சேந்தனார் எழுந்து நின்றார். வீட்டில் மகள் நிறைமாதக் கர்ப்பிணி. ஆனாலும் நிதானமாகத்தான் கேட்டார்.

"இதை அரசரிடம் சொன்னது யார்?"

"யாரும் சொல்லவில்லை. எனக்கே தோன்றியது."

"அப்படியானால் எட்டாம் நாள் மதியம் நீங்கள் என்ன சாப்பிடக் கேட்பீர்கள் என்று இப்போதே ஓலையில் எழுதித் தருகிறேன். முத்திரை வைத்து உங்கள் பெட்டியிலேயே பூட்டிக்கொள்ளுங்கள். தவறினால் அன்றே மூட்டை கட்டுகிறேன். அதுவரை அரண்மனை வாசலை மிதிக்கமாட்டேன்."

"என் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறீரா?" என்று சிரித்தார் ராஜா. ஓலையை மட்டும் வாங்கிப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

அதன்பிறகு அரண்மனையில் யாருக்கும் நிம்மதி இல்லை. சமையல்காரர்களை இரண்டு தடவை மாற்றினார். இன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று அரசி கேட்டால், மந்திரி கேட்கச் சொன்னாரா என்று பாய்ந்தார். பூதநாதர் ஒருவர்தான் அவருக்கு நம்பிக்கையான ஆள். அவரும் வழக்கம்போல் எண்ணெய்க் கூடத்தில் பஞ்சாங்கம் படித்தார். கூடத்துக்குப் பின்னால் குளக்கரை வேலை தொடங்கியிருந்தது. மண் சுமக்கும் ஆட்கள் அங்கேயே உட்கார்ந்து காலைக்கூழ் குடித்தார்கள். அதைப் பார்த்தாலே பூதநாதருக்குக் குமட்டிக்கொண்டு வரும். இன்றைக்கும் கம்பங்கூழ்தானா, மோர்மிளகாயை வறுத்து இந்த நாற்றம் அடிக்க வைக்கிறார்களே, அதைக் கடிக்கிற சத்தத்தில் நட்சத்திரமே மறந்துபோகிறது என்று எட்டு நாளும் புலம்பித் தீர்த்தார்.

எட்டாம் நாள் மதியம் சபை கூடியது. சேந்தனாரும் வந்திருந்தார். ராஜா தாடியைத் தடவியபடி யோசித்தார். புளியோதரை, பால்பாயசம், மான்கறி இதில் ஏதோ ஒன்றைத்தான் மந்திரி எழுதியிருப்பார். எந்த ராஜாவும் கேட்காததைக் கேட்டு அவர் முகத்தில் கரியைப் பூசவேண்டும். அப்படி நினைத்த மாத்திரத்தில் அது தானாகவே மனதில் உதித்தது.

"கம்பங்கூழ். தொட்டுக்கொள்ள வறுத்த மோர்மிளகாய்."

பெட்டியைத் திறந்து, முத்திரையை உடைத்து, ஓலையைத் தன் கண்ணாலேயே படித்தார். அதேதான் எழுதியிருந்தது. ராஜாவின் முகம் வெளுத்துவிட்டது. சமையல்காரனைப் பார்த்தார், அரசியைப் பார்த்தார், காவலர்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். யார் இதைத் தன் மண்டைக்குள் போட்டது என்று மந்திரியிடமே கேட்டார்.

"குளக்கரையில் கூழ் ஊற்றச் சொன்னது மட்டும்தான் நான் செய்தது, அரசே. அதைத் தினமும் உங்கள் காதில் ஓதியவர் பூதநாதர். பாவம், அவருக்கே அது தெரியாது. கூழுக்கு எட்டு நாள் போதுமாயிருந்தது. என்னைச் சதிகாரனாக்க அவருக்கு இரண்டு மாதம் பிடித்திருக்கிறது."

ராஜாவுக்குக் காலைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எல்லைப்பக்கம், குதிரை, காற்று வாங்கியது எல்லாம் வந்தன. அவருக்கு வெட்கமாகிவிட்டது. பூதநாதர் பஞ்சாங்கத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.

பூதநாதர் ஒரு வருஷம் குளக்கரை ஆட்களோடு மண் சுமக்கவேண்டும் என்றும், உழைக்கிறவர்கள் பேச்சைத் தினமும் கேட்டால் அவரும் தேறிவிடலாம் என்றும் தீர்ப்பானது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டு, பக்கத்தில் உட்காரவைத்தார்.

கூழ் வந்தது. ஒரு வாய் குடித்தவர் சட்டென்று கலயத்தைக் கீழே வைத்தார்.

"சேந்தனாரே, இப்போது உம்மை நம்பலாம் என்று தோன்றுகிறது. இது நானாக நினைத்ததா, நீர் போட்டதா?"

"எனக்கும் தெரியவில்லை, அரசே. ஆனால் இந்தக் கேள்வியை நீங்களாகத்தான் கேட்டீர்கள்."