எல்லாருக்கும் குனிஞ்ச மான்

அந்தக் காலத்துல மானும் பேசும், நரியும் பேசும், சட்டியில போட்ட நண்டுகூட மூடி போடுற வரைக்கும் பேசிக்கிட்டே இருக்குமாம். ஆனா ஜப்பான் தேசத்து மானு யார் முன்னாடியும் தலை குனியாது. புல்லு மேயும்போதுகூட ஒரு கண்ணு மேலதான் இருக்கும். அவ்வளவு ராங்கி. அது எப்படி மாறிச்சுங்கறதுதான் கதையே.

அப்போ அந்த தேசத்துக்கு ஹிசநாரின்னு ஒரு சக்கரவர்த்தி. ஆறு வயசுலயே சிம்மாசனத்துல உக்கார வச்சுட்டாங்க. வச்சதோட விட்டாங்களா, முன்னாடி ஒரு மூங்கில் தட்டியையும் தொங்க விட்டாங்க. சக்கரவர்த்தி முகத்தை யாரும் பாக்கக் கூடாதுங்கறது அங்க வழக்கம். வர்றவங்க பத்தடி தள்ளி நின்னு, நெத்தி தரையில படக் குனிஞ்சு, குனிஞ்சபடியே பின்னால நகந்து போயிடுவாங்க.

அதனால என்ன ஆச்சுன்னா, தட்டி இடுக்கு வழியா அந்தப் புள்ள பாத்து வளந்ததெல்லாம் பிடரிதான். மந்திரியோட மூக்கு எப்படின்னு கேட்டா முழிப்பாரு. பிடரியைக் காட்டினா போதும், இவர் பெரிய மந்திரி, இவர் வைத்தியர்னு கடகடன்னு சொல்லிடுவாரு. அரண்மனை வாசல் காவல்காரர் வருஷப்பிறப்புக்கு ஒரு தடவை வந்து குனிவாரு, அவர் பிடரியில பிறை மாதிரி ஒரு தழும்பு. அந்தத் தழும்பை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

சாப்பாட்டுக் கதை இன்னும் மோசம். விஷம் இருக்கான்னு ஏழு பேர் ருசி பாத்து, எட்டாவது ஆளு தட்டைத் தூக்கிக்கிட்டு நாலு கட்டு தாண்டி வர்றதுக்குள்ள சோறு ஜில்லுன்னு ஆயிடும். இருபது வயசு வரைக்கும் சூடான சோத்துல ஆவி வரும்னே அவருக்குத் தெரியாது. சரி, மானுக்கு வர்றேன்.

சிம்மாசனம் ஏறின புதுசுல ஒரு நாளு, தோட்டத்துல மேஞ்சுக்கிட்டிருந்த ஹானாங்கற பெண் மானு, மூக்காலயே தட்டியை நெம்பித் தூக்கி உள்ள எட்டிப் பாத்துச்சு. தட்டி தொங்கினதுக்கு அப்புறம் சக்கரவர்த்தி நேருக்கு நேரா பாத்த முதல் முகம் அதுதான்.

"ஏம்ப்பா, தினம் இத்தனை பேரு வந்து தரையில எதைத் தேடுறாங்க? கிடைச்சுதா இல்லையா?"ன்னு கேட்டுச்சு.

அவருக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு சிரிப்பு. அந்த மண்டபத்துல அதுவரைக்கும் சிரிப்புச் சத்தமே கேட்டதில்லையா, தாதிங்க ரெண்டு பேரு பேய்னு நினைச்சு மயக்கம் போட்டாங்க. அன்னையிலேருந்து ரெண்டும் அப்படி ஒரு சினேகம்.

இப்படியே பதினாலு வருஷம் ஓடிச்சு. அவருக்கு ஒரு சித்தப்பா. சிம்மாசனத்து மேல கண்ணு. ஒரு மத்தியானம் படையோட வந்து அரண்மனைக்குத் தீ வச்சுட்டாரு. புகை சூழ்ந்த நேரம் பாத்து ஹானா தட்டியைக் கடிச்சு இழுத்துப் பிச்சுது. பின்னாலயே வான்னுச்சு. மலைக்கு ஓடினாங்க. வழியில முள்ளு மாட்டி, ஒண்ணு மேல ஒண்ணா போட்டிருந்த பட்டு அங்கி பன்னண்டும் ஒவ்வொண்ணா போச்சு. உச்சிக்குப் போய்ச் சேரும்போது உள்ளாடை மட்டும்தான் மிச்சம்.

அங்க ஒசென்னு ஒரு பொம்பளை, கரி சுடுறவ. புருஷன் இல்ல. கூட வேலை பாக்குறவங்க பத்துப் பேரு. வந்தவரு யாரு எவருன்னு ஹானா மூலமா தெரிஞ்சுக்கிட்டா, ஆனா வாயைத் திறக்கல. புருஷனோட பழைய சட்டையை மாட்டி விட்டு, மூஞ்சியில கரியைப் பூசி, ஒரு கிண்ணம் கஞ்சி குடுத்தா. கிண்ணத்துலேருந்து ஆவி வர்றதைப் பாத்துட்டு, தீப்பிடிச்சுக்கிச்சுன்னு இவரு தண்ணி எடுக்க ஓடினாரு பாருங்க. சிரிச்சு சிரிச்சு ஒசெனுக்குக் கண்ணுல தண்ணி. அன்னையிலேருந்து அவரு அவளுக்குத் தம்பி.

சித்தப்பாவோட தளபதி பேரு குரோதா. பேர்லயே குரோதம். சக்கரவர்த்தியைப் புடிச்சு தலையைக் கொண்டான்னு உத்தரவு. ஆனா யாரோட தலையைன்னு கொண்டு போவாரு? முகம்தான் ஒருத்தருக்கும் தெரியாதே. குரோதா யோசிச்சு யோசிச்சு ஒண்ணு கண்டுபிடிச்சாரு. பொறந்ததுலேருந்து எல்லாரும் இவர்கிட்ட குனிஞ்சிருக்காங்களே தவிர, இவரு யார்கிட்டயும் குனிஞ்சதே இல்லையே. ஊர் ஊரா ஆளுங்களை வரிசையில நிறுத்துவோம், குனியச் சொல்லுவோம். எவனுக்குக் குனியத் தெரியலையோ அவன்தான் ஆளு.

பக்கத்து மலையில ஒரு பானைக்காரருக்கு இடுப்புப் பிடிப்பு. குனிய முடியல. இவர்தான்னு தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. மூணு நாளு தடபுடலா விருந்து போட்டு விசாரிச்சதுல, பானை விலையைத் தவிர வேற ஒண்ணும் அவருக்குத் தெரியலன்னு ஆச்சு. விட்டுட்டாங்க. இடுப்பும் அங்கேயே சரியாயிடுச்சாம்.

அந்த மனுஷர் வந்து சொல்லித்தான் விஷயமே தெரியுது. மறுநாள் காலையில குரோதா இந்த மலைக்கு வர்றாரு.

ஒசென் சொல்லிக் குடுத்துப் பாத்தா. இவரு குனிஞ்சா கழுத்து மட்டும் மேல நிமிந்துக்கும். இன்னொரு தடவை குனிஞ்சா குப்புற விழுவாரு. "தம்பி, இது முதுகா மூங்கிலா? வளைய மாட்டேங்குதே"ன்னு அவ தலையில கையை வச்சுக்கிட்டா.

ஹானா முன்னால வந்துச்சு. "நகரு. தோட்டத்துல நின்னு பதினாலு வருஷம் நான் பாத்தது வேற என்னத்தை?"

ராங்கிக்கார மானு, வம்சத்துலயே ஒருத்தரும் செய்யாததைச் செஞ்சுது. தாடையை நெஞ்சுல சேத்து, கழுத்தை மெதுவா இறக்கி, மூணு எண்ணி நிமிந்துச்சு. இவரும் பாத்துப் பாத்துச் செஞ்சாரு. பொழுது சாயறதுக்குள்ள முதுகு வளைஞ்சுடுச்சு.

விடிஞ்சதும் குதிரைச் சத்தம். குரோதா வந்துட்டாரு. வரிசையில நிறுத்தினாரு. ஒவ்வொருத்தரா குனியறாங்க. கடைசிக்கு முன்ன ஆளு சக்கரவர்த்தி. அவர் முறை வந்ததும் எல்லாம் மறந்து போச்சு. குரோதா கை வாள் பிடிக்குப் போகுது.

மரத்துக்குப் பின்னால நின்ன ஹானாவுக்குத் தாங்கல. ஓடி வந்து அவர் எதிர்ல நின்னு தலையை இறக்கிச்சு. அதைப் பாத்ததும் ஞாபகம் வந்து இவரும் இறக்கினாரு. மூணு எண்ணி நிமிந்தாரு. ஒரு குறை சொல்ல முடியாது.

அங்கதான் வந்துச்சு வினை.

"மானு எவனுக்கும் தலை குனியாதே. இவனுக்கு மட்டும் ஏன் குனியுது?"ன்னு குரோதா வாளை உருவிட்டாரு.

காப்பாத்தப் போய்க் காட்டிக் குடுத்துட்டோமேன்னு ஹானா நினைச்சுது. ஒரே ஒரு மூச்சு நேரம்தான். சட்டுன்னு திரும்பிச்சு. ஒசென் முன்னால போய்க் குனிஞ்சுது. அடுத்தவன் முன்னால குனிஞ்சுது. சிப்பாய் முன்னால குனிஞ்சுது. குதிரைக்குக் குனிஞ்சுது, கரி மூட்டைக்குக்கூடக் குனிஞ்சுது. கடைசியா குரோதா கால்கிட்ட வந்து, கழுத்து புல்லுல படக் குனிஞ்சுது.

குரோதா நேத்து வரைக்கும் சாதாரண ஆளு. ஊருக்கெல்லாம் குனிஞ்சே தேஞ்ச முதுகு அது, தனக்குன்னு ஒரு ஜீவன் குனிஞ்சு பாத்ததே இல்ல. பழக்க தோஷம், அவரும் பதிலுக்குப் பட்டுன்னு குனிஞ்சுட்டாரு. குனிஞ்சாரா, பிடரி தெரிஞ்சுது. பிடரியில பிறை மாதிரி தழும்பு.

நம்ம வாசல் காவல்காரர்தான்னு சக்கரவர்த்திக்குப் புரிஞ்சு போச்சு, ஆனா காட்டிக்கல.

"பைத்தியக்கார மானு"ன்னு சொல்லிட்டு, வாளை உறையில போட்டு, குரோதா மலையை விட்டு இறங்கிட்டாரு. போகும்போது ரெண்டு தடவை திரும்பி அந்த மானைப் பாத்தாராம், சந்தோஷமா.

பின்னே? சித்தப்பா நாலு வருஷம் தட்டிக்குப் பின்னால உக்காந்து ஆறின சோறு தின்னாரு. வெறுத்துப் போய் ஒரு ராத்திரி யார்கிட்டயும் சொல்லாம மடத்துக்கு ஓடிட்டாரு. சேதி கேட்டு ஹிசநாரி இறங்கி வந்து தட்டிக்குப் பின்னால உக்காந்துக்கிட்டாரு. ஒருத்தரும் கேக்கல. முகத்தைப் பாத்திருந்தாத்தானே கேப்பாங்க? காலையில வந்து எப்பவும் போல குனிஞ்சாங்க. குரோதாவும் குனிஞ்சாரு.

"குரோதா, மானுக்குக் குனிஞ்ச பிடரி உம்மோடதுதானே?"ன்னு உள்ளேருந்து குரல் வந்துச்சு.

குரோதாவுக்கு உயிரே போச்சு. ஆனா சக்கரவர்த்தி ஒண்ணும் பண்ணல. அந்தத் தட்டியைக் கழட்டுற வேலையை மட்டும் அவர்கிட்டயே குடுத்தாரு. சமையல்காரர்கிட்ட சூடா கஞ்சி கேட்டாரு. ஒசெனைக் கூட்டிக்கிட்டு வரப் பல்லக்கு அனுப்பினாரு, அவ கரி அடுப்பு அணைஞ்சுடும்னு வர மாட்டேன்னுட்டா.

ஹானா தன் கூட்டம் பூராவுக்கும் குனியச் சொல்லிக் குடுத்து வச்சிருந்துச்சு. ஒரு மானு மட்டும் குனிஞ்சா சந்தேகம் வருமில்லையா, அதுக்குத்தான். சக்கரவர்த்தி அதுகிட்ட போய், "இனிமே குனிய வேண்டாம் ஹானா. நான்தான் தப்பிச்சுட்டேனே"ன்னாரு.

"நீ தப்பிச்சுட்ட. இன்னும் எவன் எவன் சட்டையில எவன் ஒளிஞ்சிருக்கானோ, நான் என்னத்தைக் கண்டேன்?"ன்னுச்சு ஹானா. அந்தப் பக்கம் போன மீன்காரிக்கு ஒரு வணக்கம் போட்டுச்சு.

அன்னைக்கு ஆரம்பிச்சதுதாங்க. இன்னிக்கும் அந்த ஊரு மானுங்க, வர்றவரு பெரியவரா சின்னவரான்னு பாக்காம, எல்லார் முன்னாடியும் நின்னு தலையைக் குனியுது.