அழுங்கு அவிழ்த்த ஓலைக்கட்டு

"அழுங்குன்னா மீனா, காயா? சட்டுனு சொல்லிடுங்கம்மா!"

வந்ததும் வராததுமாகக் கேட்டார் புலவர் தென்னவராயர். அவருக்கு வயது அறுபது. முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த குரு உலகம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

மிருகங்களின் பெயர்களுக்கெல்லாம் பொருள் சொல்லும் நிகண்டு ஒன்றை இருபத்திரண்டு வருஷமாக எழுதியிருந்தார் புலவர். மறுநாள் அரசவையில் அரங்கேற்றம். ஒரே ஒரு சொல் உதைத்துக்கொண்டு நின்றது. அதற்காகத்தான் மூச்சு வாங்க மலையடிவாரம்வரை நடந்து வந்திருந்தார்.

"ஓர் ஏட்டுல செதில் உண்டுன்னு இருக்கு. அப்போ மீன். இன்னொண்ணுல மரத்துல தொங்கும்னு இருக்கு. அப்போ காய்."

"நீங்க பார்த்திருக்கீங்களா ஐயா?"

"எதுக்குப் பார்க்கணும்? புலியை நேர்ல பார்த்திருந்தா, எழுத நான் இருந்திருப்பேனா?"

தன் பேச்சு தனக்கே பிடித்துப்போய்ச் சிரித்தார். பட்டுத்துணி சுற்றிய ஓலைக்கட்டை, முற்றத்தில் கிடந்த ஓர் உருண்டைக் கல்லின்மேல் வைத்தார். நல்ல சிற்ப வேலை செய்த கல் என்று அவருக்கு நினைப்பு.

கல் மூச்சு விட்டது.

பிறகு மெல்ல விரிந்தது. ஒரு பக்கம் மூக்கு வந்தது, மறுபக்கம் வால் வந்தது. கட்டு சரிந்து தரையில் விழுந்தது.

"ஐயையோ!" புலவர் ஒரே தாவில் குருவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். "கடிக்குமா?"

"பல்லே கிடையாது. காலையில நாய் துரத்திச்சு, இங்க வந்து சுருண்டுக்கிச்சு. அதுதான் அழுங்கு. எறும்புதின்னின்னும் சொல்வாங்க."

புலவருக்கு உயிர் வந்தது. மீனும் இல்லை, காயும் இல்லை! எழுத்தாணியைத் தேடி இடுப்பில் கை வைத்தார்.

அழுங்கு ஓலைக்கட்டை முகர்ந்தது. நகத்தால் பட்டுத்துணியைக் கிழித்தது. முழ நீள நாக்கை உள்ளே விட்டது.

"அம்மா! என் நிகண்டு!"

ஓடிப் போய்ப் பிடுங்கினார். கையில் வந்தது மண். மண்ணோடு வெள்ளை வெள்ளையாகப் பூச்சிகள் நெளிந்தன.

எழுதி முடித்த ஏட்டை அவர் பிரிப்பதில்லை. வருஷா வருஷம் பூஜையில் வைத்து, சந்தனம் தெளித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்படியே பரணில் ஏற்றிவிடுவார். இன்று காலை கட்டு லேசாக இருந்ததுகூட, வயசான காலத்துக்கு நல்லதாகத்தான் அவருக்குப் பட்டது.

அந்த மண்ணோடு தரையில் உட்கார்ந்தார்.

"யானை போச்சே! புலி போச்சே! நாளைக்கு எந்த முகத்தோட சபையில நிப்பேன்?"

அழுங்கு அவரைப் பொருட்படுத்தவில்லை. அவர் மடியில் சிந்தியதையும் நக்கிக்கொண்டது.

"கரையானுக்குக் கண்ணு தெரியாது," என்றாள் உலகம்மை. "ஆனாலும் உங்க ஏட்டை மறுபடி பிரிச்சுப் பார்த்தது அது ஒண்ணுதான்."

புலவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சரி, கரையானுக்கு என்ன பொருள் எழுதியிருந்தீங்க?"

கையில் ஒட்டியிருந்த ஒரு வெள்ளைப் பூச்சியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அற்பப் பூச்சின்னு... அதை நான் சேர்க்கவே இல்லையேம்மா."