பெயரைத் துறந்த நாய்

இது நான் பார்த்தது இல்லை. என் சித்தி சொன்னது.

சித்தி புளியங்குடியில் ஒரு மாவு மில்லில் வேலை பார்க்கிறாள். அன்றைக்கு மில்லின் மாடியில் காயப்போட்ட வற்றலை அள்ளிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் கண்முன்னால் நடந்தது. ஆனால் சித்தி எதையும் கொஞ்சம் சேர்த்துத்தான் சொல்வாள். அதனால் அவளிடம் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் மாறாமல் வந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அந்த மாடியில் ஓர் அறை இருக்கிறது. வடிவாம்பிகை என்பவர் அங்கே தியானம் சொல்லிக்கொடுக்கிறார். நாற்பது வயதுதான் இருக்கும். கீழே மில் ஓடும்போது அறையின் தரை அதிரும்.

"இந்த இரைச்சல்ல எப்படிம்மா?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள்.

"வாடகை கம்மி" என்பார் அவர்.

அவருடைய மாணவர்களில் வயதில் மூத்தவர் மாசிலாமணி. பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். குருவுக்குத் தகப்பன் வயது. ஆனாலும் அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை ஐயா என்பார்.

மாசிலாமணி வீட்டில் நான்கு நாய்கள். அன்று சாயங்காலம் அவற்றில் இரண்டோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

செவலை நாயை மாடிப்படிக் கம்பியில் கட்டினார். வெள்ளை நாயைக் கையில் தூக்கிவந்து அறை வாசலில் கிடத்தினார். அதன் கழுத்தோரம் புதுத் தையல். வீட்டில் விட்டுவர மனமில்லையாம்.

"அம்மா, ஒரு நாயை இன்னிக்கு அனுப்புதேன். மனசு கெடந்து அடிக்கி. நிம்மதியா இருக்க ஒரு வழி சொல்லுங்க."

"எந்த நாயை?"

"இந்தச் சுண்டலை."

செவலை நாய் தன் பெயரைக் கேட்டு வாலாட்டியது.

"எங்க அனுப்புறீங்க?"

"கோழிப்பண்ணைக்கு. வேனை இங்கயே வரச் சொல்லிருக்கேன். வேலைக்காரங்க நல்லவங்கதான். சங்கிலியில கட்டித்தான் வளப்பாங்க. சோத்துக்குப் பஞ்சமிருக்காது."

"கட்டிப் போட்டா இருப்பானா?"

மாசிலாமணி வற்றலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பஸ் ஸ்டாண்டுல சுண்டல் வண்டிக்கு அடியில கெடந்தான்மா. உள்ளங்கை அளவுதான். சட்டைப் பைக்குள்ள வச்சுக்கிட்டு டூட்டி பார்த்தேன். தென்காசி வண்டிக்கு நான் விசில் அடிச்சா இவன் பைக்குள்ள இருந்து கத்துவான்."

"அப்புறம் ஏன் அனுப்புறீங்க?"

"கடிக்கான். முதல்ல லேசா ஒரு கீறல். அப்புறம் காதுல. இப்போ தையல் போடுத அளவுக்கு. அதுவும் யாரைங்கீங்க? சித்தரை! அடுத்த வாரம் என் பொண்ணு கைப்பிள்ளையோட வாறா. சித்தரையே கடிக்கிறவன் பிள்ளையை விடுவானா?"

"யார் சித்தர்?"

மாசிலாமணி வாசலைக் காட்டினார். வெள்ளை நாய் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

இவ்வளவு நேரமும் இறுகியிருந்த அவர் முகம் அப்போதுதான் தெளிந்தது என்கிறாள் சித்தி.

"இவன் சாதாரண நாய் இல்லம்மா. முன்னாடி டைகர்னு பேரு. எல்லா நாயும் மாதிரிதான் இருந்தான். தெருமுனையில நான் விசில் அடிச்சா கேட்டைத் தாண்டிக் குதிச்சு வருவான். நான் உங்ககிட்ட தியானத்துக்கு வர ஆரம்பிச்சேன் பாருங்க, அதுக்குப் பொறவு மாறிட்டான். நான் கண்ணை மூடி உக்காந்தா பக்கத்துல வந்து படுப்பான். போன தீபாவளிக்கு எங்க வாசல்லயே சரவெடி. மத்த மூணும் கட்டிலுக்கு அடியில. இவன் கண்ணைக்கூடத் தொறக்கலை."

"அப்படியா?"

"கூப்பிட்டாலும் திரும்புறதில்லை. டைகருங்கிற பேரைத் துறந்துட்டான். அதான் சித்தர்னு வச்சேன்."

"சித்தர்னு கூப்பிட்டா திரும்புறானா?"

"இல்லம்மா. அதையும் துறந்துட்டான்."

சித்தி இந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டாளாம். குரு சிரிக்கவில்லை.

"காலையில இவனைக் கும்பிட்டுட்டுத்தான் நான் காப்பி குடிக்கேன்" என்றார் மாசிலாமணி மெதுவாக.

"சுண்டல் எப்படி?"

"மூக்குக்கு மேல கோவம். சாப்பிடும்போது கிட்டப் போனா உறுமுவான். படுத்திருக்கும்போது உரசினா உறுமுவான். மத்த ரெண்டும், பூந்தியும் கட்டையும், உறுமல் கேட்டதும் ஒதுங்கிப் போயிரும். சித்தர் ஒதுங்க மாட்டான். அவன் பாட்டுக்கு நடந்துபோய் இவன் தட்டுல வாயை வைப்பான். என்னுது உன்னுதுங்கிறதே அவனுக்குக் கெடையாதே! இவன் கடிச்சிருவான்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"செய்யாததே இல்லை. நாலு மூலைக்கு நாலு தட்டு வச்சேன். கூட்டாஞ்சோறு மாதிரி ஒரே தாம்பாளத்துல போட்டும் பார்த்தேன். ஒண்ணும் ஆகலை. பொறவுதான் இவனுக்கு மௌனம் பழக்கினேன்."

"நாய்க்கா?"

"ஆமாம்மா. நீங்க எங்களுக்குச் சொல்லித்தருவீங்களே, அதேதான். உறுமினா விரலை உதட்டுல வச்சு 'மௌனம்'னு ஒரு அதட்டு. கேக்காட்டா அன்னிக்கு முட்டை கெடையாது."

"கத்துக்கிட்டானா?"

"கெட்டிக்காரன்லா! இப்போ உறுமுறதே கெடையாது. மௌனம் நல்லாப் படிஞ்சிருச்சு."

"கடிக்கிறது?"

"அது நிக்கலை. சத்தமில்லாம கடிக்கான்."

குரு எழுந்து உள்ளே போனார். தியானம் முடிந்ததும் அடிக்கும் வெண்கல மணியை எடுத்து வந்தார். சித்தரின் தலைமாட்டில் நின்றார். அதன் காதுக்கு நேராக மணியைப் பிடித்து, ஓங்கி அடித்தார்.

கைப்பிடிச் சுவரில் இருந்த காகங்கள் பறந்தன. சித்தியின் கையிலிருந்து முறம் விழுந்தது. சுண்டல் கயிறு எட்டும் மட்டும் ஓடித் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒடுங்கியது.

சித்தர் தூங்கியது.

"பார்த்தீங்களாம்மா!" மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "நமக்கெல்லாம் இந்த நிலை எப்போ வரும்?"

குரு மணியை ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

மாசிலாமணியும் உட்கார்ந்தார்.

டிரம்முக்குப் பின்னாலிருந்து சுண்டல் வந்தது. கயிறு போதவில்லை. வயிற்றால் ஊர்ந்து, கழுத்தை நீட்டி, மாசிலாமணியின் கால் பெருவிரலில் தாடையை வைத்துக்கொண்டது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே அதன் நெற்றியைத் தடவினார்.

"போற இடத்துல சமத்தா இருக்கணும், என்னலே?" என்றார்.

சுண்டல் அவர் கையை நக்கியது.



கீழே மில்லை ஓடவிட்டார்கள்.

சித்தர் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கியது. சுற்றும் முற்றும் பார்த்தது. மாசிலாமணியைக் கண்டதும் அமைதியாகி வாலை இரண்டு ஆட்டு ஆட்டியது.

மாசிலாமணிக்கு முகம் வாடியது.

"சவத்து மில்லு. கலைச்சிட்டு."

பிறகு அவரே யோசித்தார்.

"மணியைக் காதுக்கிட்டல்லாம்மா அடிச்சீங்க. அதுக்கு அசையலை. கீழ எங்கயோ ஓடுற மில்லுக்கு ஏன் எந்திரிக்கான்?"

குரு அவருடைய வலது கையைப் பிடித்தார். அதை மெல்லத் தரையில் வைத்து, உள்ளங்கை முழுவதும் படும்படி அழுத்தினார்.

தரை அதிர்ந்துகொண்டிருந்தது.

மாசிலாமணி கையை எடுக்கவில்லை.

மில் நின்ற பிறகும் எடுக்கவில்லையாம்.

பிறகு இடுப்பு மடியைத் தடவினார். பழைய விசில் ஒன்று அங்கே இருந்தது. ஓய்வுபெற்ற பிறகும் அதை அவர் விடவில்லை. வாயில் வைத்து, வண்டி கிளப்புவதுபோல நீளமாக ஊதினார்.

சுண்டல் துள்ளி எழுந்தது.

சித்தர் தையல் போட்ட இடத்தை நக்கிக்கொண்டிருந்தது.

மாசிலாமணி தவழ்ந்து அதன் அருகில் போனார். காதோடு வாயை வைத்து, "டைகர்" என்றார். மூச்சுக் காற்றுப் பட்டதும் அது திரும்பி அவர் முகத்தை நக்கியது.

"ஏல டைகர், உனக்கு எப்போலே இப்படி ஆச்சு?"

அது மறுபடியும் நக்கியது.

அவர் குருவைப் பார்த்தார்.

"அப்போ, சுண்டல் உறுமினதெல்லாம் இவனுக்கு..."



"ஐயா, உங்க வீட்டுல காது கேக்காதவங்க எத்தனை பேரு?" என்றார் குரு.

"ஒருத்தன்தாம்மா. இந்தா, இவன்."

குரு இரண்டு விரலைக் காட்டினார்.

அந்த நேரத்தில் தெருவில் வேன் ஹாரன் அடித்தது.

சுண்டல் படிப்பக்கம் திரும்பியது. அதன் பிடரி மயிர் சிலிர்த்தது. தொண்டைக்குள் ஏதோ எழுந்தது. உடனே மாசிலாமணியைப் பார்த்தது. எழுந்ததை விழுங்கிக்கொண்டது.

அது விழுங்கியதை அவர் பார்த்துவிட்டார்.

சுண்டலின் முன்னால் போய் மண்டியிட்டார். அதன் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"சொல்லுலே" என்றார். "சொல்லு. நான் கேக்கேன்."

*

வேன் வெறுமனே திரும்பியது. "பஸ்ஸை நேரத்துக்கு அனுப்பின மனுசன், ஒரு நாயை அனுப்ப முடியலையாக்கும்!" என்று பண்ணைக்காரர் படியிறங்கும்போது முனகினார். இதுவரைக்கும் சித்தி சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் கடைசியாக அவள் ஒன்று சொன்னாள். இப்போதெல்லாம் வாசலில் யாராவது வந்தால், சுண்டல் முதலில் டைகரை எழுப்பிவிட்டுத்தான் குரைக்கிறது என்றாள்.

இதை நான் நம்பவில்லை. சித்தி சேர்த்துச் சொல்கிற இடம் இதுதான் என்று நினைத்தேன். நம்பாததை எழுத மனம் வரவில்லை. சந்தேகப்பட்டு மறுபடி கேட்டால் சித்தி வருத்தப்படுவாள். அதனால் அவளிடம் சொல்லாமல் மாசிலாமணியின் வீட்டுக்குப் போனேன்.

கொண்டி போட்ட இரும்புக் கேட். கம்பி வழியாக முற்றம் தெரிந்தது. ஒரு பக்கம் தொட்டிலில் குழந்தை தூங்கியது. எதிர்ப்பக்கம் கம்பி வலை அடைப்புக்குள் நான்கு நாய்களும் படுத்திருந்தன. அடைப்பின் கதவு திறந்துதான் இருந்தது. பக்கத்தில் ஒரு முக்காலியில் மாசிலாமணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

கொண்டியைத் தட்டினேன்.

இரண்டு நாய்கள் குரைத்துக்கொண்டு ஓடிவந்தன. பூந்தியும் கட்டையும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

செவலை நாய் எழுந்து என்னைப் பார்த்தது. ஓடிவரவில்லை. குரைக்கவும் இல்லை. திரும்பி, வெள்ளை நாயின் கழுத்தில், தையல் ஆறிய இடத்தில், மூக்கை வைத்தது. வெள்ளை நாய் கண் திறக்கும்வரை எடுக்கவில்லை.

பிறகு இரண்டும் சேர்ந்து நடந்து வந்தன. கேட்டருகில் வந்ததும் செவலை என்னைப் பார்த்து உறுமியது.

"ஒரு எட்டு தள்ளி நில்லும்மா" என்றார் மாசிலாமணி. "அவன் சொல்லுதாம்லா."

தள்ளி நின்றேன். அவர் குதிகாலால் தரையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்தார். வெள்ளை நாய் உடனே அவர் பக்கம் திரும்பியது.

ஒரு தடவை பார்த்ததை வைத்து எழுதக்கூடாது. தற்செயலாகவும் இருக்கலாம். அதனால் வேறொரு நாள் காலையில் போய் மறுபடியும் கொண்டியைத் தட்டினேன்.

அன்றைக்கும் செவலை முதலில் என்னிடம் வரவில்லை.