இல்லாத பள்ளம்

இரண்டு ஆட்டோ கவிழ்ந்தது போதும் என்று, சுண்ணாம்புக்காரத் தெருவின் பள்ளத்தைத் தெரு நலச் சங்கமே ஜல்லி கொட்டி மூடிவிட்டது. மறுநாளே நகராட்சிப் பொறியாளர் தணிகாசலம் சங்கச் செயலாளருக்கு ஆள் அனுப்பினார். செயலாளராக வந்து நின்றவள் இட்லிக்கடை செங்கமலம்.

“நீங்க என்ன சர்க்காரா, காண்ட்ராக்டரா?” என்று எகிறினார் பொறியாளர்.

“ரெண்டும் இல்லீங்க. அந்த ரோட்டுல நடக்கிறவங்க.”

“அனுமதி இல்லாம அரசாங்க ரோட்டுல கை வைப்பீங்களா? சாயங்காலத்துக்குள்ள பழையபடி ஆக்கணும். இல்லேன்னா சங்கத்து மேல கேஸ்!”

“தோண்டிடறோம் ஐயா. பள்ளம் எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம்னு மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க.”

பொறியாளர் விறைப்பாகப் பேனாவைத் திறந்தார். செங்கமலம் அவர் முன்னால் ஒரு கடிதத்தை விரித்து வைத்தாள். சங்கத்தின் மனுவுக்குப் போன மாதம் அவரே அனுப்பிய பதில் அது: ‘நேரில் ஆய்வு செய்ததில், அத்தெருவில் பள்ளம் எதுவும் இல்லை.’

பேனா அப்படியே நின்றது. பொறியாளர் அதை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

“சரி, சரி. இல்லாத பள்ளத்துக்கு என்ன கேஸ்? போம்மா.”

செங்கமலம் நகரவில்லை.

“ரொம்ப சந்தோஷம் ஐயா. பக்கத்துத் தெருவுலயும் இதே மாதிரி ஏழு பள்ளம் இல்லை. அதையும் மூடிடட்டுமா?”