துரை வேய்ந்த மூலை

பசிபிக் தீவு ஒன்றுக்குப் புதிதாக வந்த கவர்னர் துரை, மாதா கோயில் வாசலிலேயே ஆயரின் சமையற்காரி மலியாவிடம், உள்ளே தன் நாற்காலி ஆயருடையதைவிடத் தாழ்வாக இருக்கிறதென்று எகிறினார். “உங்கள் ஆயர் எவ்வளவு உயரத்தில் இருப்பாரோ, அதே உயரத்தில் எனக்கும் இடம் வேண்டும். இல்லையென்றால் கோயிலைப் பூட்டிவிடுவேன்!”

“அதுக்கென்ன துரை, இப்பவே தர்றேன்” என்ற மலியா, ஓர் ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தாள்.

துரை அண்ணாந்து பார்த்தார். கூரை உச்சியில் ஆயர் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓலை வேய்ந்துகொண்டிருந்தார். “வாங்க துரை! வரும்போது நாலு ஓலையும் எடுத்துட்டு வாங்க!”

ஊரே கூடிவிட்டது. சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது? துரை ஏறினார்.

ஆயர் கண்மூடி நாலு மழைக்காலம் போய்விட்டது. துரை வேய்ந்த மூலை மட்டும் ஒழுகுகிறது. அதைப் பிரித்தால் பக்கத்தில் ஆயர் வேய்ந்ததும் பிரிந்துவிடுமே என்று, மலியா அடியில் பானையை வைத்துக்கொண்டிருக்கிறாள்.