காந்தள் ஏன் கவிழ்ந்து பூக்கிறது

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் பேச்சு இருந்தது; அதைக் கேட்கும் பொறுமை மனிதருக்கும் இருந்தது. அப்போதெல்லாம் காந்தள் இப்படி ஏறாது. தரையோடு தரையாகப் படர்ந்து வெள்ளையாகப் பூக்கும். அதன் கிழங்கு தித்திக்கும். பன்றி தோண்டும், முள்ளம்பன்றி தோண்டும், மனிதரும் தோண்டுவார்கள்.

மேகம் கவிந்த கருமலை ஒன்றின் உச்சியில் ஒரு கோட்டை இருந்தது. அதன் காவல் கோபுரத்தில் நெருப்புத் தெரிந்தால் பகைவன் வருகிறான் என்று பொருள். பள்ளத்தாக்கு மக்கள் ஆடுமாடுகளோடு காட்டுக்குள் போய்விடுவார்கள்.

அந்த மலையை ஆண்டவள் எயினி. அவள் ஆட்சிக்கு வந்த மறு ஆண்டே மழை பொய்த்தது. கோட்டைக் களஞ்சியத்தைத் திறந்துவிட்டாள். தானியம் தீர்ந்ததும் மக்களோடு மக்களாகக் காந்தள் கிழங்கைத் தோண்டினாள். "ஒரு கிழங்கையாவது மண்ணில் விட்டு வையுங்கள். அதுவும் பிழைக்க வேண்டுமே" என்பாள். காந்தள் அதை மறக்கவில்லை.

எயினியின் தங்கை நறுங்கோதை. எங்கே போனாலும் "எயினியின் தங்கை" என்றே ஊர் அவளை அழைத்தது. அது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பகை மன்னன் ஒருவன் அதை அறிந்து, "கோட்டைக் கதவைத் திறந்துவிடு. உன்னை அரசியாக்குகிறேன்" என்று ஆள் அனுப்பினான். அவள் காவலர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, காவல் கோபுரத்து அறையில் ஒரு பருந்து சிறகொடிந்து கிடக்கிறது. வந்து பாரேன்" என்றாள் ஒருநாள்.

எயினி ஓடினாள். அறையில் வைக்கோலும் ஒரு விளக்கும் தவிர ஒன்றுமில்லை. வெளியே தாழ் விழுந்தது. அக்காவுக்கு அம்மை கண்டிருக்கிறது, யாரும் நெருங்க வேண்டாம் என்று நறுங்கோதை ஊருக்குச் சொல்லி அனுப்பினாள்.

சில நாள் கழித்து ஒரு மாலையில் நறுங்கோதை கதவின் இடுக்கு வழியே ஒரு கிண்ணம் பால் நீட்டினாள்.

"குடித்துவிடு, அக்கா. வலிக்காது."

எயினிக்குப் புரிந்தது. "உன்னை இடுப்பில் வைத்துச் சோறூட்டியவள் நான், கோதை."

"அதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு நறுங்கோதை நிற்காமல் இறங்கிப் போனாள்.

கிண்ணத்தோடு எயினி சன்னலுக்கு வந்தபோது, கம்பிக்கு வெளியே ஒரு வெள்ளைப் பூ மூச்சிரைத்தது. இலை நுனிகளைக் கொக்கிபோல் வளைத்து, கல் கல்லாகப் பற்றிக் காந்தள் மேலேறி வந்திருந்தது.

"குடித்துவிடாதே! இருட்டியதும் பகைவன் வருகிறான். வழியில் பள்ளத்தாக்கு ஊர்களைக் கொளுத்தப் போகிறானாம். அவன் ஆட்கள் சுவரோரம் நின்று பேசினார்கள்."

"கோதைக்கு இது தெரியுமா?"

"தெரியும். என்னைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடு, தாயே."

எயினிக்குச் சிரிப்பு வந்தது. "உன் தண்டு என் சுண்டுவிரல் அளவுகூட இல்லையே. இந்தக் கம்பிக்குள் நான் எப்படி நுழைவேன்? முதலில் இந்தப் பாலுக்கு ஒரு வழி சொல். கீழே கொட்டினால் எலியும் காக்கையும் நக்கிச் சாகும்."

"என் தண்டின் வழியே வேருக்கு இறங்கும்படி ஊற்று. நான் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்."

அவள் ஊற்றினாள். பிறகு விளக்கை எடுத்து வைக்கோலின் பக்கம் திரும்பினாள்.

"கதவு பூட்டியிருக்கிறதே, தாயே!"

"தெரியும். நீ இறங்கிப் போ."

காந்தள் இறங்கவில்லை. வைக்கோல் பற்றி, மரக்கூரை பற்றி, கோபுரம் முழுவதும் மூண்டது. எயினி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"புகையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஊர் மக்கள் காட்டுக்குப் போகிறார்களா, பார்."

காந்தள் தன் பூவையெல்லாம் கவிழ்த்துக் கீழே பார்த்தது. "போகிறார்கள், தாயே. மாடுகள் முன்னால் போகின்றன. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஒருவன் நொண்டி எருமையைத் தள்ளிக்கொண்டு போகிறான்... அவனும் காட்டுக்குள் போய்விட்டான்."

பதில் வரவில்லை.

பகைவன் வந்தபோது ஊர்களில் ஓர் உயிர்கூட இல்லை. கோட்டை வாசலில் காத்து நின்ற நறுங்கோதையைப் பார்த்து, "உடன்பிறந்தவளையே எரிய விட்டவளை நம்பி நான் எப்படிக் கண் மூடுவேன்?" என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பினான். அவள் அந்தக் கரிந்த கோட்டையில் வௌவால்களோடு தனியாகக் கிழவியானாள்.

தீயில் கொடி கருகியது; வேர் மட்டும் தப்பியது. அடுத்த மழைக்கு அது துளிர்த்தபோது பழைய வெள்ளைப் பூ பூக்கவில்லை. அதற்குப் பின் எந்தக் காந்தளும் கிழங்கில் நஞ்சை வைத்துக்கொண்டு, இலை நுனியால் பற்றிப் பற்றி ஏறி, மஞ்சளாக மூண்டு சிவப்பாகத்தான் எரிகிறது. இதழெல்லாம் தீ நாக்காக மேலே எழுந்தாலும் முகம் மட்டும் கீழே கவிழ்ந்திருக்கிறது, எல்லோரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்களா என்று எயினிக்காக இன்னும் பார்த்துக்கொண்டு.